மாடி ஓவிய வகுப்பு: எட்டு மாதம் போய்வந்த பிறகு எழுதுகிறேன்

மதுரையில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் நடக்கும் ஓவிய வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். வாசலில் போர்டு கிடையாது, விளம்பரமும் கிடையாது. நடத்துகிறவர் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போடட்டுமா சார் என்று கேட்டேன். "வேண்டாம்மா, இருக்கிற பிள்ளைகளுக்கே பலகை பத்தலை" என்றார், அதனால் போடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன், பிளவுஸ் தைக்க வருகிற அம்மாக்களில் வாரத்துக்கு ஒருவராவது பிள்ளையை எந்த டிராயிங் கிளாஸில் சேர்க்கலாம் அக்கா என்று கேட்டுவிடுகிறார்கள். அளவு எடுத்துக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

என் மகள் பாப்பாவை இதற்கு முன்னால் வேறொரு வகுப்பில் ஒன்றரை வருடம் விட்டிருந்தேன். ஏசி அறை, பெயர் அச்சிட்ட டீ-ஷர்ட், மூன்று மாதத்துக்கு ஒரு சர்டிஃபிகேட். வாராவாரம் ஒரு அச்சுப் படத்தைக் கையில் கொடுப்பார்கள், சூரியன் மறைகிற கடற்கரை, ஒரு தென்னை மரம், ஒரு படகு என்று. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் டீச்சர் வந்து ஒவ்வொருவர் படத்திலும் கை வைத்துச் சரி செய்துவிடுவார், பெற்றோர் கூப்பிட வரும்போது பளிச்சென்று ஒரு படம் தயாராக இருக்கும். அப்படி 40 படத்துக்கு மேல் வீட்டில் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது, வாசலில் உட்கார்ந்திருந்தோம், அந்தத் தையல் மெஷினை வரைந்து காட்டு பாப்பா என்றேன். பென்சிலை எடுத்தவள் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "படம் இருந்தா வரைவேன்மா, இதைப் பார்த்து எப்படி வரையறது?" என்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அழுகிற குரலில். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. மறுநாளே அந்த வகுப்பை நிறுத்திவிட்டேன்.

என் கதையும் கிட்டத்தட்ட அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது. பிளவுஸில் ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியால் செய்கிற பூவேலை, செய்து கொடுக்கிறேன். மயிலோ மாங்காயோ, எந்த டிசைனானாலும் ரெடிமேடாகத்தான் வாங்குவேன். டிரேஸ் பேப்பரில் கோட்டின் மேலேயே ஊசியால் குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்த்தால் டிசைன் அப்படியே துணியில் இறங்கிவிடும். பதினோரு வருடமாக இப்படித்தான். கஸ்டமர் மயிலின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் திருப்பி வரையத் தெரியாது.

போன ஆவணியில் பாப்பாவை இங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, மாதம் 800 ரூபாய். முதல் வாரம் கூப்பிட வந்தவள் மாடிப்படியில் காத்திருந்தேன். சார் எட்டிப் பார்த்து, "சும்மாதானம்மா உட்கார்ந்திருக்கீங்க, உள்ள வந்து நீங்களும் ஒண்ணு போடுங்க" என்று ஒரு பலகையும் தாளும் கொடுத்தார். அன்றிலிருந்து நானும் மாணவிதான். எனக்கும் அதே 800. பெரியவர்கள் நாங்கள் நாலு பேர், மிச்சம் பதினான்கு பேரும் பள்ளிப் பிள்ளைகள்.

அன்று நடுவில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அவ்வளவுதான், ஒரு செம்பு. ரப்பர் கிடையாது. பென்சில் பாக்ஸில் ரப்பர் வைத்திருந்த பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தார். முதல் இரண்டு மாதம் ரப்பர் வராது, தப்பாக வந்தால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடு, தப்பான கோடும் இருக்கட்டும், அது இருந்தால்தான் சரியான கோடு எங்கே என்று தெரியும் என்றார். இந்த விதி எல்லாரையும் பயமுறுத்தியது. என்னை ரொம்பவே பயமுறுத்தியது, ஏனென்றால் துணியில் கத்திரி வைத்தால் வைத்ததுதான், அதனால் கை எப்போதும் தயங்கித்தான் போகும், இத்தனை வருடத்தில் அந்தத் தயக்கம் எலும்புக்குள் போய்விட்டது. நான் போட்ட கோடு எல்லாம் மயிர் மயிராக, கம்பளிப்பூச்சி மாதிரி, சின்னச் சின்னத் துண்டாக இருந்தது.

அந்தச் செம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் பதினெட்டுப் பேரும் வரைந்ததைச் சுவரில் ஒட்டினார். ஏறக்குறைய எல்லார் செம்புக்கும் வாய் ஒரு கண் மாதிரி, இரண்டு பக்கமும் கூராக இருந்தது. அடிப்பக்கம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு. சார் கேட்டார், "செம்போட வாயில எங்கேயாவது முனை இருக்கா? கையை வெச்சுப் பாருங்க." இல்லை. வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம்தான் தெரியும், நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது, ஓரத்திலும் அது வளைந்துதான் திரும்பும். சரி, அடி ஏன் நேர்கோடு போட்டீர்கள் என்றார். மேஜை தட்டையாக இருக்கிறது, செம்பு அதன் மேல் ஆடாமல் நிற்கிறது, அதனால் அடி தட்டை என்று மனசு முடிவு செய்துவிட்டது, கண்ணைக் கேட்கவே இல்லை. உண்மையில் அடிப்பக்கத்து வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வாய் நம் கண் மட்டத்துக்குக் கிட்டே இருப்பதால் ஒடுங்கித் தெரியும், அடி இன்னும் கீழே இருப்பதால் வட்டம் அகலமாகத் திறந்து தெரியும். செம்பை மெதுவாகத் தூக்கிக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார், வாய் ஒரே கோடாகிவிட்டது. இன்னும் மேலே தூக்கினார், வாய் அந்தப் பக்கமாக வளைந்தது. பிள்ளைகள் "ஹேய்" என்று கத்தினார்கள். தினம் தண்ணீர் குடிக்கிற செம்பு. நாற்பது வயதில் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

வகுப்பு சொல்லித்தருவது இதைத்தான், நான் புரிந்துகொண்ட அளவில். தெரிந்ததை வரையாதே, தெரிவதை வரை. கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், பழகுவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது, இன்னும் முழுசாக வரவில்லை.

பென்சில் விஷயத்திலும் சார் நிறைய சொன்னார். கிராஃபைட் பொடியோடு களிமண் சேர்த்துச் சுட்டுத்தான் பென்சில் குச்சி செய்கிறார்கள், களிமண் கூடினால் கடினமாகும், அது எச், குறைந்தால் மெத்தென்று கறுப்பாக வரும், அது பி. பிரான்சுக்கு இங்கிலாந்திலிருந்து நல்ல கிராஃபைட் வராமல் போன போர்க் காலத்தில் கோந்தே என்பவர் இந்தக் கலவையைக் கண்டுபிடித்து 1795-ல் காப்புரிமை வாங்கினாராம். நோட்டில் எழுதுகிற எச்பி பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் கறுப்பே வரவில்லை என்று பாப்பா அழுத்தி அழுத்தித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள், 6பி கொடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஷார்ப்னர் வேண்டாம், பிளேடால் சீவி முனையை நீளமாக விடு என்பார். சின்னப் பிள்ளைகளுக்கு அவரே சீவிக் கொடுப்பார்.

புரட்டாசி முழுக்க ஷேடிங். வெள்ளைத் தாள் மேல் வெள்ளை முட்டை, ஒரு பக்கம் மட்டும் ஒரு பல்பு, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டார். முட்டையின் இருட்டான பக்கத்தில், தாளை ஒட்டிய ஓரத்தில், லேசாக ஒரு வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்று உறுதியாகச் சொன்னோம். இருட்டுப் பக்கத்தில் எப்படி வெளிச்சம் வரும்? அவர் ஒன்றும் வாதாடவில்லை. முட்டைக்குக் கீழே இருந்த வெள்ளைத் தாளை உருவிவிட்டுக் கறுப்பு சார்ட்டைச் செருகினார். அந்த ஓரம் சட்டென்று அணைந்துவிட்டது. மறுபடியும் வெள்ளைத் தாளை வைத்தார், வெளிச்சம் திரும்ப வந்தது. தாளில் விழுந்த வெளிச்சம் எகிறி முட்டையின் அடியில் போய்ப் படுகிறது. அதை வரையாவிட்டால் முட்டை உருளாது, தட்டையாகக் கிடக்கும். அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் தக்காளி, எவர்சில்வர் டம்ளர், என் மாமியாரின் கன்னம் என்று எல்லாவற்றிலும் அந்த ஓரத்து வெளிச்சத்தையே தேடிக்கொண்டிருந்தேன். இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறது.

அப்புறம் ஐப்பசி. தையல் தொழிலில் தீபாவளி மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி இரண்டு மணி வரை மெஷின் ஓடும். நாலு வாரம் நான் வகுப்புக்குப் போகவே இல்லை, பாப்பா மட்டும் போய்வந்தாள். கார்த்திகையில் திரும்பிப் போனபோது கை மொத்தமும் விறைத்திருந்தது. பழைய மாதிரி வரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, ஆரம்பித்த நாளைவிட மோசமாக வருகிற மாதிரி இருந்தது. ஒரு நாற்காலியை நாலு வாரம் வரைந்தேன், நாலு தடவையும் அதன் பின்கால் தரையில் ஊன்றாமல் அந்தரத்தில் நின்றது. தப்பு எங்கே என்று தெரிகிறது, திருத்தத் தெரியவில்லை. அதுவரை தப்பே தெரியாததால் நிம்மதியாக வரைந்திருக்கிறேன் போல. அந்த மாதம் நிஜமாகவே மனசு உடைந்துபோனேன், 800 ரூபாய்க்கு இரண்டு பிளவுஸுக்கு லைனிங் எடுத்திருக்கலாமே என்றெல்லாம் யோசித்தேன்.

பாப்பாவுக்கு வேறு மாதிரிக் கஷ்டம். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பையன் ஆறாம் வகுப்புதான், கார்ட்டூன் முகம் எல்லாம் மளமளவென்று போடுவான், பிள்ளைகள் அவனைச் சுற்றி நிற்பார்கள். இவள் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்துவிட்டாள். கேட்டால் ஒன்றும் இல்லைம்மா என்பாள். வீட்டில் பென்சிலையே தொடுவதில்லை.

இதை நான் சாரிடம் சொல்லவில்லை, அவரே கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் இருக்கச் சொன்னார். பீரோவிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். வகுப்பில் வரைகிற எதையும் அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார், ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி போட்டு, ஆளுக்கு ஒரு ஃபைலாக வைத்திருக்கிறார். ஆவணியில் வரைந்த செம்பு, புரட்டாசியில் வரைந்த செம்பு, போன வாரம் பாப்பா வரைந்த மண்பானை, மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தார். எதுவும் பேசவில்லை. பாப்பா முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முதல் செம்பின் வாயில் அந்தக் கூர்மையான முனை இருந்தது. அவள் விரலை அதன் மேல் வைத்து, "இது நானா சார் போட்டேன்?" என்றாள். அதற்கு மேல் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார், "பக்கத்துல இருக்கிறவன் தாளைப் பார்க்கணும்னு தோணுச்சுன்னா என்கிட்ட வா, உன் பழைய தாளை எடுத்துத் தர்றேன்." அடுத்த வாரத்திலிருந்து அவள் கையால் மறைப்பதை விட்டுவிட்டாள். எந்தக் குறைக்காகவும் நான் இந்த வகுப்பை விடாமல் இருப்பதற்கு இந்த ஃபைல் கட்டு ஒன்றே போதும்.

எனக்கு அவர் சொன்ன வைத்தியம் வேறு. மார்கழி பிறந்திருந்தது. வாசலில் என்ன கோலம் போட்டீங்க என்று கேட்டார். பதினைந்து புள்ளி சிக்குக் கோலம் என்றேன். பெரிய நியூஸ்பிரின்ட் தாளைத் தரையில் விரித்து, அதையே இங்கே பென்சிலால் போடுங்கள், உட்காராமல் குனிந்து போடுங்கள் என்றார். போட்டேன். கோடு எங்கேயும் விடவில்லை, நடுங்கவில்லை, ஒரே இழையாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. "இப்ப எங்கேயிருந்து கையை அசைச்சீங்க?" தோளிலிருந்து. "நாற்காலிக்கு?" மணிக்கட்டிலிருந்து. முப்பது வருடமாகத் தினமும் காலையில் செய்கிற வேலையை, பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோயிருக்கிறேன். அன்றிலிருந்து பலகையைச் சாய்த்து வைத்துக் கையை நீட்டித்தான் வரைகிறேன், கம்பளிப்பூச்சிக் கோடு மெல்ல மெல்லப் போயிற்று.

தை மாதம் இரண்டு ஞாயிறு திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போனார், முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். 1636-ல் கட்டிய இடம், சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடம்தானே. ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பருமனில் வெள்ளைத் தூண்கள் வரிசையாகப் போகின்றன, தூரம் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே. எனக்கு உடனே இஞ்ச் டேப் ஞாபகம்தான் வந்தது. இங்கே டேப் உதவாது, பக்கத்துத் தூணும் தூரத்துத் தூணும் டேப்பில் ஒரே அளவுதான் காட்டும். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, முதல் தூணின் உயரத்தைப் பென்சிலில் கட்டை விரலால் குறித்துக்கொள், அதே பென்சிலை நகர்த்திக் கடைசித் தூணில் வைத்துப் பார், எத்தனையில் ஒரு பங்கு என்று சொல் என்றார். என் இடத்திலிருந்து நாலில் ஒரு பங்குக்கும் கம்மியாக இருந்தது. நம்ப முடியவில்லை, மூன்று தடவை அளந்தேன். டேப்பை எப்போதும் கழுத்தில் போட்டுக்கொண்டிருப்பவள் நான், எங்கள் அப்பா மீனாட்சி அம்மன் கோயில் எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர், "டேப் பொய் சொல்லாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். கண்ணுக்கு ஒரு அளவு இருக்கிறது, அதுவும் பொய் சொல்லாது என்று அங்கே அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். அப்பா இருந்திருந்தால் அன்றே போய்ச் சொல்லியிருப்பேன்.

உட்கார்ந்து வரைந்தவர்களின் அடிவானக் கோடு, அதாவது கண் மட்டக் கோடு, ஒரு உயரத்தில் இருந்தது, நின்று வரைந்தவர்களுடையது இன்னும் மேலே. மேல்விளிம்பு, கீழ்விளிம்பு என்று தூண்வரிசையின் கோடுகள் எல்லாம் அவரவர் கண் மட்டத்தில் ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. ஏறக்குறைய 600 வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் இதை ஒரு கண்ணாடியும் துளை போட்ட ஒரு ஓவியப் பலகையும் வைத்துச் செய்து காட்டியதை சார் அங்கே நின்று சொன்னார், பிள்ளைகள் பாதி கேட்டார்கள், பாதி புறாவைப் பார்த்தார்கள். பரவாயில்லை. பாப்பாவின் தாளில் மூன்று தூண்தான் இருந்தது, ஆனால் மூன்றும் சரியாகத் தரையில் ஊன்றி நின்றன. அன்று வீட்டுக்கு வந்து நான் மறுபடியும் அந்த நாற்காலியை வரைந்தேன், பின்கால் இறங்கிவிட்டது.

மாசியில் முகம். கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, எல்லாருமே கண்ணை மேலே ஏற்றிப் போட்டு நெற்றியைச் சுருக்கிவிடுகிறோம், முடி இருக்கிற இடமும் தலைதான் என்பது மறந்துவிடுகிறது. சிற்பிகள் கணக்கையும் சொன்னார், முகத்தை 12 அங்குலம் என்று வைத்து, முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து புருவம் 4, புருவத்திலிருந்து மூக்கு நுனி 4, அங்கிருந்து தாடை 4. அந்த 12-ஐ ஒரு தாலம் என்பார்கள், நவதாலம் என்கிற அளவு முறையில் உருவம் மொத்தம் 9 தாலம், 108 அங்குலம். இந்த அங்குலம் நம் டேப்பில் இருக்கிற இஞ்ச் இல்லை, அந்த உருவத்துக்குள்ளேயே எடுக்கிற அளவு. கோயில் தூணில் இருக்கிற சிற்பத்தைப் போய்ப் பாருங்கள், அப்புறம் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவரைப் பாருங்கள், எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள் என்பார். அந்த மாறுகிற இடம்தான் அந்த ஆள்.

அம்மாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து வரைந்தேன். இரண்டு மத்தியானம் ஆயிற்று. வாய்ப்பக்கம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை, பல் போன பிறகு உதடு உள்வாங்கியிருப்பதை நான் பழைய ஞாபகத்தில் நிரப்பி நிரப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று பிறகு சார் காட்டிக் கொடுத்தார். படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நான் இல்லடி, இது எங்க ஆத்தா" என்றார்கள். சொல்லிவிட்டுத் தாளை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. அந்த ஒரு படம் மட்டும் சாரின் ஃபைலில் இல்லை.

இப்போது குறைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது இந்த மாதிரி ஒரு வகுப்பைத் தேடிப் போனால் ஏமாறக் கூடாது.

பதினெட்டுப் பேருக்கு அந்த அறை போதாது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு ஃபேன், பங்குனி வெயிலில் பதினொன்றரைக்கு மேல் பிள்ளைகளால் உட்கார முடிவதில்லை, தாளில் வியர்வை சொட்டி பென்சில் கோடு ஈஷிக்கொள்கிறது. நேரத்தைக் காலையிலேயே ஏழு மணிக்கு மாற்றுங்கள் என்று பெற்றோர் எல்லாரும் கேட்டிருக்கிறோம், இன்னும் மாறவில்லை. ஒரே ஆள் பதினெட்டுப் பேரையும் பார்ப்பதால் அமைதியாக இருக்கிற பிள்ளைகளிடம் சில வாரம் அவர் வந்தே சேர்வதில்லை. பாப்பாவுக்கே இரண்டு முறை அப்படி ஆயிற்று.

பங்குனியில் அவர் வீட்டு விசேஷத்துக்காக இரண்டு வாரம் ஊருக்குப் போனபோது வகுப்பைப் பழைய மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தத் தம்பி நன்றாக வரைவார், ஆனால் பாப்பா ஒரு மணி நேரம் போட்ட கையின் மேல் கேட்காமலேயே தன் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டுத் திருத்திவிட்டார். அவள் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. பழைய வகுப்பில் டீச்சர் தினம் செய்தபோது அவளுக்கு அது உறைத்ததே இல்லை, இப்போது அது தன் கோடு, தன் தப்பு என்று தெரிந்ததனால் வலிக்கிறது. எனக்குக் கோபமும் வந்தது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. சார் திரும்பி வந்ததும் நேராகவே சொன்னேன். அவர் அந்தத் தம்பியைப் பாப்பாவிடம் பேச வைத்தார், இனி யாருடைய தாளிலும் யாரும் கை வைக்கக் கூடாது, ஓரத்தில் தனியாக வரைந்துதான் காட்ட வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனாலும் ஆள் மாற்றி விடும்போது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது.

இன்னொன்று, கலர். எட்டு மாதமாகக் கலர் கிடையாது. பென்சில், கொஞ்சம் கரி, அவ்வளவுதான். மூன்றாவது மாதத்திலேயே ஐந்தாறு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், சுவரில் மாட்ட ஒரு படம்கூட வரவில்லையே என்று. அவர்கள் கேட்டதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. காசு கொடுக்கிறவர்களுக்கு ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கலர் மேல் ஆசை இருக்கும், வாரத்தில் ஒரு நாள் கலரைக் கொடுத்து விளையாட விட்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

சர்டிஃபிகேட் விஷயமாகக் கேட்கிறவர்களுக்கு: அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் எழுதுவதற்கு, ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் பாடத்துக்கு, லோயர் கிரேடு, ஹையர் கிரேடு இரண்டு மட்டத்திலும் இவர் தயார்ப்படுத்துகிறார். ஆனால் அதற்காகவே சேருகிறோம் என்றால் கொஞ்சம் தயங்குவார். முதல் வருடம் தேர்வுப் பேச்சே எடுக்க மாட்டார். பிள்ளைக்கு அவசரமாகத் தேர்வு எழுத வேண்டியிருந்தால் வேறு இடம் பார்ப்பதுதான் நல்லது. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது, ஒரு செம்பை இரண்டு மணி நேரம் பார் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. பத்து வயதுக்கு மேல் என்றால் தைரியமாக விடலாம். என்னை மாதிரிப் பெரியவர்கள் யாராவது தயங்கிக்கொண்டிருந்தால் கட்டாயம் போங்கள், பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், முதல் வாரத்தோடு அது போய்விட்டது, அவர்கள் நம் தாளை எட்டிப் பார்த்து "ஆன்ட்டி, வாய்க்கு முனை வந்துருச்சு" என்று சொல்லித் தருவார்கள்.

மயில் என்ன ஆயிற்று என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பங்குனி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்கு முதல் முறையாக நானே வரைந்தேன். இரண்டு கைக்கும் ஒவ்வொரு மயில், ஒன்று நேராகப் பார்க்கிறது, மற்றது கழுத்தைத் திருப்பித் தோகையைப் பார்க்கிறது. கழுத்து திரும்புகிற இடத்தில் உள்வளைவு ஒடுங்கும், வெளிவளைவு விரியும், அதை மட்டும் பதினேழு தாளில் போட்டுப் பார்த்தேன். அப்புறம் டிரேஸ் பேப்பரில் எடுத்து ஊசியால் குத்தும்போது, கோடு என்னுடையது என்பதால் எங்கே நெருக்கிக் குத்த வேண்டும், எங்கே விட்டுக் குத்தலாம் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பெண் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பாப்பா பக்கத்தில் நின்று, இடது மயிலின் கால் கொஞ்சம் அந்தரத்தில் நிற்கிறது என்று என் காதில் சொன்னாள். உண்மைதான், நிற்கிறது. அடுத்த பிளவுஸில் இறக்கிவிடுவேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு இப்போது வகுப்பு விடுமுறை. திருவிழா முடிந்ததும் வாட்டர்கலர் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார், வகுப்பில் மூன்று இடம் காலியாகவும் இருக்கிறது. சேருகிறவர்கள் தாளும் பென்சிலும் வெளியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே கிடைக்கிற கார்ட்ரிட்ஜ் தாள் ரொம்ப மெல்லிசு, 6பி போட்டால் பின்பக்கம் பதிந்துவிடுகிறது. 2பி, 4பி, 6பி மூன்றே பென்சில், ஏ3 அளவில் ஒரு தாள்கட்டு, ஒரு பிளேடு, ஒரு கிளிப் போதும். தண்ணீர் பாட்டில் பெரியதாக எடுத்துப் போங்கள். ரப்பர் வேண்டாம், வாங்கி வைத்துவிடுவார்.